பகாவ் வட்டார லோரிக்காரர்களுக்கு: கனரக டீசல் எஞ்சின்களை ஒப்பிட்டுத் தேர்ந்தெடுக்க முழு வழிகாட்டி

நெகிரி செம்பிலானில் பகாவைச் சுற்றி லோரி ஓட்டிப் பிழைக்கும் நம்மவர்கள் நிறைய. தோட்டத்திலிருந்து செம்பனைக் குலை ஏற்றுகிறவர்கள், ஆலையிலிருந்து கச்சா செம்பனை எண்ணெயை டாங்கி லோரியில் போர்ட் கிள்ளானுக்குக் கொண்டுபோகிறவர்கள், கல்லும் மணலும் அடிக்கிறவர்கள், மரக்கட்டை இழுக்கிறவர்கள். அடுத்த வண்டி எடுக்கிற பேச்சு வந்தால் எல்லாரும் முதலில் கேட்பது "எத்தனை ஹார்ஸ்பவர்?" என்றுதான். அந்த ஓர் எண்ணை மட்டும் நம்பிக் கடன் எடுத்தால் ஏழு வருஷம் வங்கிக்கும் பட்டறைக்கும் உழைக்க வேண்டியிருக்கும். உங்கள் சுமையோடு, உங்கள் பாதையில், வண்டி உண்மையில் ஓடும் நிமிடச் சுற்றில் (ஆர்பிஎம்) எஞ்சின் என்ன தருகிறது, ஒரு டன்னை ஒரு கிலோமீட்டர் கொண்டுபோக என்ன செலவாகிறது என்பதைத்தான் ஒப்பிட வேண்டும். அதைச் செய்யும் வழியை வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் படி: வேலையை எழுதி வையுங்கள்

பிராண்டு பேசுவதற்கு முன்னால் ஒரு தாளில் நாலு விஷயங்கள் வேண்டும். சுமையோடு வண்டியின் மொத்த எடை, பாதையில் உள்ள மோசமான மேடு, வருஷத்துக்கு எத்தனை கிலோமீட்டர், எஞ்சின் எத்தனை மணி நேரம் ஓடுகிறது.

கடைசி இரண்டையும் தனித்தனியாக எழுதுவது முக்கியம். குலை லோரி ஒரு நாளில் ஓடும் தூரம் குறைவு. ஆனால் காலையில் ஸ்டார்ட் ஆனது மாலை வரை அணையாது. செம்மண் பாதையில் இரண்டாம் கியரில் ஊர்வது, குலை ஏற்றும்வரை நிற்பது, ஆலையில் எடைமேடை வரிசையில் காத்திருப்பது எல்லாமே எஞ்சினுக்குக் கணக்குத்தான். டாங்கி லோரியோ சிரம்பான் தாண்டிவிட்டால் எஞ்சின் சுற்று மாறாமல் நெடுஞ்சாலையில் போய்க்கொண்டே இருக்கும். இரண்டுக்கும் ஒரே எஞ்சின் பொருந்தாது. ஓடோமீட்டரில் ஒரே எண் காட்டும் இரண்டு வண்டிகளில் ஒன்று மற்றதைவிட இரண்டு மடங்கு மணி நேரம் உழைத்திருக்கலாம்.

எடை என்றால் கதவில் எழுதியிருக்கும் சட்டப்படியான மொத்த எடை. அதற்கு மேல் ஏற்றித்தான் ஓட்டுவேன் என்றால் எந்த எஞ்சினும் தாங்காது. பிரேக்கும் தாங்காது. இந்தக் கட்டுரையில் உள்ள கணக்கு எதுவும் அதற்கு உதவாது.

இரண்டாம் படி: மேட்டுக்கு எவ்வளவு சக்தி வேண்டும்

கோலா பிலாவிலிருந்து சிரம்பானுக்குப் போகும்போது புக்கிட் புத்துஸ் மேட்டில் வண்டியின் உண்மை முகம் தெரியும். அங்கே எவ்வளவு சக்தி தேவை என்பதை வீட்டிலேயே கால்குலேட்டரில் போட்டுப் பார்க்கலாம். டன்னில் எடை, மணிக்கு எத்தனை கிலோமீட்டர் வேகம், மேட்டின் சதவீதத்தோடு (100 மீட்டருக்கு எத்தனை மீட்டர் ஏறுகிறது) 0.7 கூட்டியது, இந்த மூன்றையும் பெருக்கி 24ஆல் வகுங்கள். வருவது எஞ்சின் தர வேண்டிய குதிரைசக்தி. அந்த 0.7 என்பது டயர் உருளும் இழுவை. கியர்பாக்சிலும் ஆக்சிலிலும் போகும் இழப்பும் 24க்குள் அடங்கியிருக்கிறது.

26 டன் லோரி, 6 சதவீத மேடு, 40 கிலோமீட்டர் வேகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 26 × 40 × 6.7 போட்டு 24ஆல் வகுத்தால் சுமார் 290. அதே மேட்டில் 30 கிலோமீட்டரில் ஏறினால் போதும் என்றால் சுமார் 218. 40 டன் டிரெய்லர் 40 கிலோமீட்டரில் ஏற 447 வேண்டும். ஆக, 280 குதிரைசக்தி எஞ்சின் 26 டன் வண்டிக்கு நியாயமான துணை. அதையே 40 டன்னுக்கு மாட்டினால் 25 கிலோமீட்டரில் ஊர்ந்து, பின்னால் வரும் எல்லாரையும் நிறுத்தி வைக்கும். தோட்டத்து மண் பாதைக்கு 0.7 போதாது. ஈர மண்ணில் உருளும் இழுவை பல மடங்கு கூடும் என்பதால் அங்கே 2 அல்லது 3 என்று போட்டுக் கணக்கிடுங்கள்.

விற்பனைத் தாளைப் படிக்கும்போது அலகையும் பாருங்கள். ஜப்பான் வண்டிகளில் பிஎஸ் (மெட்ரிக் குதிரைசக்தி), ஐரோப்பிய வண்டிகளில் கிலோவாட் என்று இருக்கும். ஒரு பிஎஸ் 0.7355 கிலோவாட். மின்விசிறி, ஆல்டர்னேட்டர் போன்றவை இல்லாமல் அளந்த எண்ணா, எல்லாம் மாட்டி அளந்த எண்ணா என்றும் கேட்க வேண்டும். முதல் வகை எண் எப்போதும் பெரிதாகவே இருக்கும்.

மூன்றாம் படி: டார்க் எங்கே கிடைக்கிறது

இந்தப் படியில் நேரம் செலவழியுங்கள். டார்க் என்பது எஞ்சின் தண்டைச் சுழற்றும் முறுக்கு விசை. குதிரைசக்தி என்பது டார்க்கையும் சுற்றையும் பெருக்கி வருவது. நியூட்டன் மீட்டரில் உள்ள டார்க்கை நிமிடச் சுற்றால் பெருக்கி 7,023ஆல் வகுத்தால் பிஎஸ் கிடைக்கும்.

இரண்டு எஞ்சின்களை எடுத்துக்கொள்வோம். இரண்டும் 280 பிஎஸ் என்றே தாளில் இருக்கின்றன. முதல் எஞ்சின் அதை 2,500 சுற்றில் தருகிறது, அதன் உச்ச டார்க் 1,500 சுற்றில் 800. இரண்டாவது 280ஐ 2,000 சுற்றிலேயே தருகிறது, டார்க் 1,200 முதல் 1,500 வரை 1,150. மேட்டில் சுற்று 1,500க்கு இறங்கிவிட்டது என்றால் முதல் எஞ்சினிடம் மிச்சம் இருப்பது 171 பிஎஸ், இரண்டாவதிடம் 246. முதல் வண்டிக்காரர் இரண்டு கியர் இறக்கிச் சுற்றைக் கூட்டி அலறவிட்டு ஏறுவார். இரண்டாமவர் அதே கியரில் இழுத்துக்கொண்டு போவார். கிளட்ச், கியர்பாக்ஸ், டீசல், ஓட்டுநரின் முழங்கால் எல்லாவற்றிலும் இந்த வித்தியாசம் தெரியும்.

அதனால் விற்பனையாளரிடம் டார்க் வளைகோட்டுப் படத்தைக் கேளுங்கள். உச்ச எண்ணைவிட அந்தக் கோடு எவ்வளவு தூரம் சமமாக நீள்கிறது என்பதுதான் பெரிது. அப்புறம் அந்தச் சுற்று உங்கள் ஆக்சில் விகிதத்தோடு (சக்கரம் ஒரு முறை சுழல, கியர்பாக்சிலிருந்து வரும் தண்டு எத்தனை முறை சுழல்கிறது) பொருந்துகிறதா என்று பாருங்கள். மேல் கியரில் நெடுஞ்சாலை வேகத்தில் எஞ்சின் தன் டார்க் சமவெளிக்குள் சுற்ற வேண்டும். நல்ல எஞ்சினைத் தப்பான ஆக்சிலோடு கட்டினால் டீசல் குடிக்கிற எஞ்சின் என்ற கெட்ட பெயர்தான் மிஞ்சும்.

நம் சாலைகளில் உள்ளவற்றை இந்தக் கண்ணோடு பார்த்தால் இரண்டு மூன்று கூட்டமாகப் பிரியும். ஹினோ ஜே08இ 7.7 லிட்டர், இசுசு 6எச்கே1 7.8 லிட்டர், பழைய ஃபூசோ 6டி16 7.5 லிட்டர் ஆகியவை நடுத்தர எடை ரிஜிட் (டிரெய்லர் இல்லாத) லோரிகளுக்கானவை, கொஞ்சம் உயர்ந்த சுற்றில் வேலை செய்பவை. ஸ்கேனியாவின் டிசி13 12.7 லிட்டர், வால்வோ டி13 12.8 லிட்டர், மெர்சிடிஸின் ஓஎம்457 12 லிட்டர் ஆகியவை டிரெய்லர் இழுப்பதற்குப் பிறந்தவை, 1,000 சுற்றிலிருந்தே தோள் கொடுப்பவை. யூடி குவோனில் உள்ள 10.8, 12.8 லிட்டர் எஞ்சின்கள் வால்வோ குடும்பத்தைச் சேர்ந்தவை. இசுசு 6டபிள்யூஜி1 15.7 லிட்டர், அளவில் பெரியது. சீன வண்டிகளில் வெய்ச்சாய் டபிள்யூபி10 9.7 லிட்டர் பரவலாக இருக்கிறது. வெய்ச்சாயைப் பழைய கண்ணோடு பார்ப்பவர்களுக்கு ஒரு சேதி: 2020இல் அந்த நிறுவனம் 50 சதவீதத்துக்கு மேல் வெப்பத் திறன் உள்ள கனரக டீசல் எஞ்சினை அறிமுகப்படுத்தியது. ஆனால் அந்தத் திறன் நீங்கள் வாங்கும் மாடலிலும் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நாலாம் படி: டீசல் கணக்கு

தீபகற்ப மலேசியாவில் 2024 ஜூன் 10 அன்று டீசல் லிட்டருக்கு 2.15 வெள்ளியிலிருந்து 3.35 வெள்ளிக்குப் போனது. தகுதியுள்ள சரக்கு வண்டிகளுக்கு ஃப்ளீட் கார்டு (மானிய டீசல் அட்டை) வழியாக 2.15 வெள்ளி தொடர்ந்தது. உங்கள் வண்டி வகை அந்தத் திட்டத்தில் சேருமா என்பதை எஞ்சின் பார்ப்பதற்கு முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள், மொத்தக் கணக்கும் அதில்தான் நிற்கிறது. வருஷம் 80,000 கிலோமீட்டர் ஓடும் வண்டி லிட்டருக்கு 2.5 கிலோமீட்டர் தந்தால் 32,000 லிட்டர். 2.8 தந்தால் சுமார் 28,570. மிச்சம் 3,430 லிட்டர். 2.15 வெள்ளி விலையில் அது ஏறக்குறைய 7,370 வெள்ளி, 3.35 விலையில் 11,490 வெள்ளி. ஐந்து வருஷத்துக்குப் பெருக்கிப் பாருங்கள், வாங்கும்போது தவுக்கே (முதலாளி) குறைத்துக் கொடுத்த விலை சின்னதாகத் தெரியும்.

எஞ்சினின் சொந்தச் சிக்கனத்தை ஒரு கிலோவாட் மணிக்கு எத்தனை கிராம் டீசல் என்று அளப்பார்கள். நல்ல கனரக எஞ்சின் தன் சிறந்த புள்ளியில் 190 கிராம் அளவில் எரிக்கும், அதாவது டீசலில் உள்ள சக்தியில் 44 சதவீதம் வேலையாக மாறும். அந்தச் சிறந்த புள்ளி அநேகமாக நடுச் சுற்றில், கனமான சுமையில்தான் இருக்கும். சின்ன வேலைக்குப் பெரிய எஞ்சின் போட்டால் அந்தப் புள்ளியைத் தொடவே தொடாது. பெரிய வேலைக்குச் சின்ன எஞ்சின் போட்டால் அதைத் தாண்டியே ஓடும்.

விற்பனைத் தாளின் சிக்கன எண்ணை மட்டும் நம்பாதீர்கள். 2022 மார்ச்சில் ஹினோ நிறுவனமே ஜப்பான் சந்தைக்கான சில எஞ்சின்களின் உமிழ்வு, எரிபொருள் சோதனைத் தரவுகளில் முறைகேடு நடந்ததை ஒப்புக்கொண்டது. ஹினோ மோசமான எஞ்சின் என்று நான் சொல்லவில்லை, பழைய ஜே08இ எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்டிருக்கிறது. அளவை நீங்களே எடுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

அளப்பதற்கு நம் தொழிலில் ஒரு வசதி இருக்கிறது. ஆலையில் ஒவ்வொரு நடைக்கும் எடைச் சீட்டு தருகிறார்கள். அந்தச் சீட்டுகளையும் டீசல் ரசீதுகளையும் ஒரு மாதம் சேர்த்து வையுங்கள். எப்போதும் ஒரே பம்பில், டாங்கி வாய்வரை நிரப்புங்கள். பிறகு லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதோடு நிற்காமல், அதைச் சுமை டன்னால் பெருக்குங்கள். லிட்டருக்கு 2.8 கிலோமீட்டர் தந்து 14 டன் சுமக்கும் வண்டி லிட்டருக்கு 39 டன் கிலோமீட்டர். 2.4 தந்து 18 டன் சுமக்கும் வண்டி 43. கடைப் பேச்சில் முதல் வண்டிக்காரர் ஜெயிப்பார், வருஷக் கணக்கில் இரண்டாமவர் ஜெயிப்பார்.

நின்றுகொண்டே ஓடும் எஞ்சினையும் மறக்காதீர்கள். கனரக எஞ்சின் சும்மா ஓடினாலே மணிக்கு 2 முதல் 3 லிட்டர் குடிக்கும். ஆலை வரிசையில் தினம் மூன்று மணி நேரம் என்றால் எந்த எஞ்சின் சிக்கனம் என்ற விவாதமே அங்கே கரைந்துபோகிறது.

ஐந்தாம் படி: உழைப்பு

உழைப்பைப் பற்றிக் காப்பிக்கடையில் எல்லாருக்கும் ஒரு கருத்து உண்டு. நான் பார்க்கச் சொல்வது சில அளவுகளை.

முதலாவது பிஸ்டன் வேகம். ஸ்ட்ரோக்கை (பிஸ்டன் ஒரு முறை மேலோ கீழோ போகும் தூரம்) மீட்டரில் எடுத்து இரண்டால் பெருக்கி, நிமிடச் சுற்றால் பெருக்கி, 60ஆல் வகுங்கள். ஜே08இயின் ஸ்ட்ரோக் 130 மில்லிமீட்டர், 2,500 சுற்றில் வினாடிக்கு 10.8 மீட்டர். டிசி13இன் ஸ்ட்ரோக் 160, 1,900 சுற்றில் 10.1. உச்சத்தில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் சின்ன எஞ்சினை ஓட்டுநர் நாள் முழுதும் அந்த உச்சத்துக்கு அருகில் வைத்திருப்பார், பெரியதை 1,200இல் வைத்து ஓட்டுவார். தேய்மானம் பிரியும் இடம் அதுதான்.

இரண்டாவது கட்டுமானம். ஐரோப்பிய 13 லிட்டர் எஞ்சின்களில் ஈர லைனர் இருக்கும். லைனர் என்பது பிஸ்டன் ஓடும், கழற்றி மாற்றக்கூடிய உருளை. ஈர வகையில் கூலன்ட் நேராக லைனரின் வெளிப்புறத்தைத் தொடும். தேய்ந்தால் லைனரையும் பிஸ்டனையும் மாற்றிவிட்டு அதே பிளாக்கில் இன்னொரு ஆயுள் ஓட்டலாம். லைனரே இல்லாமல் பிளாக்கிலேயே துளைத்த எஞ்சினாக இருந்தால் துளையைக் கடைந்து பெரிதாக்கும் போரிங் வேலை, அதற்கு மெஷின் ஷாப். எந்த வகை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஈர லைனருக்கு ஒரு பலவீனம் உண்டு, தோட்டப் பக்கத்தில் அது அடிக்கடி தெரிகிறது. கழற்றிய லைனர் ஒன்றைக் கையில் வாங்கி வெளிப்புறத்தைத் தடவிப் பாருங்கள். உள்பக்கம் கண்ணாடி மாதிரி இருக்கும், வெளியே ஒரு பக்கத்தில் மட்டும் ஊசியால் குத்தியது போல வரிசையாகப் பொட்டுப் பொட்டாய்க் குழிகள். சிலவற்றில் நகம் மாட்டும். பிஸ்டன் அடிக்கும் அதிர்வில் கூலன்டில் குமிழிகள் பிறந்து வெடித்து இரும்பைத் தின்ற அடையாளம் அது. ஒரு குழி மறுபக்கம் வந்துவிட்டால் கூலன்ட் ஆயிலில் கலந்து பேரிங்கையும் கொண்டுபோய்விடும். இதைத் தடுப்பது கூலன்டில் உள்ள ரசாயனம். குழாய்த் தண்ணீரை ஊற்றி ஓட்டும் வண்டிக்கு எந்தப் பிராண்டும் காவல் நிற்காது.

மூன்றாவது, நிறுவனம் பி10, பி50 ஆயுள் என்று சொல்லும் எண்கள். பி10 என்றால் பத்தில் ஒரு எஞ்சினுக்கு ஓவர்ஹால் தேவைப்படும் தூரம். பி50 என்றால் பாதி எஞ்சின்களுக்கு. ஒருவர் பி10ஐயும் இன்னொருவர் பி50ஐயும் சொன்னால் அவற்றை ஒப்பிட முடியாது. இரண்டுமே நெடுஞ்சாலை வேலையை மனதில் வைத்த எண்கள். நம் செம்மண் தூசிக்குள் உழைக்கும் எஞ்சினுக்கு ஏர் ஃபில்டரும் அதன் ரப்பர்க் குழாயும்தான் ஆயுளைத் தீர்மானிக்கின்றன. பழைய ஆயிலைச் சோதனைக்கு அனுப்புங்கள். சிலிக்கான் கூடியிருந்தால் தூசி உள்ளே போகிறது, இரும்பு கூடியிருந்தால் லைனர் தேய்கிறது, சோடியம் தெரிந்தால் கூலன்ட் கலக்கிறது.

ஆறாம் படி: யூரோ எண்ணும் பம்ப் டீசலும்

இங்கே 2021 ஏப்ரல் முதல் யூரோ 5 (ஐரோப்பியப் புகை உமிழ்வுத் தர வரிசை) டீசல், கந்தகம் 10 பிபிஎம்தான் (பத்து லட்சத்தில் 10 பங்கு). 2019 முதல் அதில் 10 சதவீதம் செம்பனை பயோடீசல் கலந்த பி10 வந்தது (மேலே சொன்ன பி10 ஆயுள் வேறு). நம் தோட்டத்து எண்ணெய்தான் டாங்கியில் இருக்கிறது. சக்தி இழப்பு ஒரு சதவீதத்துக்கும் குறைவு, அதற்காகக் கவலைப்பட வேண்டாம். பயோடீசல் தண்ணீரை அதிகம் பிடித்து வைக்கும், பழைய டாங்கியின் அழுக்கைக் கரைத்து ஃபில்டருக்குக் கொண்டுவரும். பழைய மெக்கானிக்கல் பம்ப் இதைப் பொறுத்துக்கொள்ளும். 1,600 பாருக்கு மேல் அழுத்தும் காமன் ரெயில் (ஒரே பொதுக் குழாயிலிருந்து உயர் அழுத்தத்தில் டீசல் தெளிக்கும்) இஞ்செக்டர் பொறுக்காது. வாட்டர் செப்பரேட்டரைத் தினமும் திறந்து வடிக்கும் பழக்கம் இல்லாத இடத்துக்குக் காமன் ரெயில் எஞ்சினைக் கொண்டுபோகாதீர்கள்.

யூரோ 5 எஞ்சின்களில் பெரும்பாலும் ஆட்புளூ (புகையைச் சுத்தமாக்கும் யூரியாக் கரைசல்) ஊற்ற வேண்டும். டீசலில் ஏறக்குறைய 5 சதவீதம் என்று செலவில் சேருங்கள். டிபிஎஃப் (புகைக்கரி வடிகட்டி) உள்ள எஞ்சினுக்குத் தன் புகைக்கரியை எரித்துச் சுத்தம் செய்யச் சூடான நீண்ட ஓட்டம் வேண்டும். தோட்டத்துக்குள் மட்டுமே ஊரும் வண்டிக்கு அது கிடைக்காது, விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். நெடுஞ்சாலை டாங்கி லோரிக்கு அந்தத் தொல்லை குறைவு.

ஏழாம் படி: இறக்கம்

ஏறுவதைப் பற்றியே பேசுகிறோம், இறங்குவதும் எஞ்சினின் வேலைதான். 40 டன் வண்டி 6 சதவீத இறக்கத்தில் 30 கிலோமீட்டரில் வேகம் கூடாமல் இறங்க, சுமார் 170 கிலோவாட் சக்தியை எங்கேயாவது விழுங்க வேண்டும். எக்ஸாஸ்ட் பிரேக் (புகைக்குழாயை அடைத்து வேகத்தைக் குறைப்பது) மட்டும் உள்ள சின்ன எஞ்சினால் அவ்வளவு விழுங்க முடியாது, மீதி முழுவதும் பிரேக் டிரம்முக்குப் போகும். டிரம் சூடானால் பிடிக்காது. பெரிய எஞ்சினில் வால்வைத் திறந்து அழுத்தத்தை வெளியேற்றும் கம்ப்ரஷன் பிரேக் இருக்கிறதா, கியர்பாக்சில் ரிடார்டர் (பிரேக் டிரம்மைத் தொடாமல் வேகத்தைக் குறைக்கும் கருவி) இருக்கிறதா என்று கேளுங்கள். மேடு ஏறும் பாதைக்கு வண்டி எடுப்பவர் இதைச் சும்மா வரும் வசதியாக நினைக்கக் கூடாது. விலை கூடினாலும் வாங்க வேண்டியது, இது உயிர் விஷயம்.

எட்டாம் படி: உதிரி பாகம்

நாலு பொருளுக்கு விலையும் கிடைக்கும் நாளும் கேட்டு எழுதுங்கள்: லைனர் கிட், இஞ்செக்டர், டர்போ, ஹெட் கேஸ்கெட் செட். சிரம்பானில் இருக்கிறதா, கிள்ளானிலிருந்து வர வேண்டுமா? வண்டி நிற்கும் ஒவ்வொரு நாளுக்கும் உங்கள் வருமானத்தைக் கணக்கில் கூட்டுங்கள். கணினி மாட்டிக் கோளாறு பார்க்கத் தெரிந்த பட்டறை அருகில் இல்லையென்றால், சிறந்த ஐரோப்பிய எஞ்சினைவிட ஊர்ப் பட்டறைக்காரர் கண்ணை மூடிக்கொண்டு பிரிக்கும் ஜப்பான் எஞ்சின் லாபமாக இருக்கலாம். ஒரே ஒரு வண்டி வைத்திருப்பவருக்கு இதுதான் என் முதல் அளவுகோல். பத்து வண்டி வைத்திருப்பவர் வேறு மாதிரி யோசிக்கலாம், ஒன்று நின்றால் இன்னொன்று ஓடும்.

ஒன்பதாம் படி: பழைய வண்டி, ரெகோன் (புதுப்பித்த) எஞ்சின்

பார்க்கப் போகும்போது நம்பிக்கையான மெக்கானிக்கை அழைத்துப் போங்கள். வண்டி குளிர்ந்திருக்க வேண்டும் என்று முன்பே சொல்லிவிடுங்கள். நான் கூடப் போன ஒரு தடவை, மெக்கானிக் பேச்சே கொடுக்காமல் நேராகப் போய் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் புறங்கையை வைத்தார். "அண்ணே, நாங்க வர்றதுக்கு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணிட்டீங்களா?" என்றார். விற்பவர் "பேட்டரி பார்க்கத்தான் தம்பி" என்றார். நாங்கள் மறுநாள் காலை வருவதாகச் சொல்லிக் கிளம்பினோம். குளிரில் ஸ்டார்ட் ஆகத் திணறும் எஞ்சின் சூட்டில் சமர்த்தாக இருக்கும்.

ஸ்டார்ட் ஆனதும் புகை நிறத்தைப் பாருங்கள். நீலம் நீடித்தால் ஆயில் எரிகிறது. வெள்ளை நீடித்து இனிப்பு வாசம் வந்தால் கூலன்ட். சுமையில் கறுப்பு என்றால் காற்று போதவில்லை அல்லது இஞ்செக்டர் சரியில்லை. சூடான பிறகு ஆயில் மூடியைக் கழற்றித் தலைகீழாக அந்த வாயிலேயே வையுங்கள். லேசாக ஆடினால் பரவாயில்லை, தூக்கி எறிந்தால் ரிங் போய்விட்டது. டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு கூடியிருந்து டீசல் வாடை வந்தால் இஞ்செக்டர் ஒழுகுகிறது. ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகியுங்கள். எலெக்ட்ரானிக் எஞ்சினாக இருந்தால் கணினியை மாட்டி மொத்த மணி நேரம், சும்மா ஓடிய நேரம், மொத்தம் எரித்த டீசல் மூன்றையும் படிக்கச் சொல்லுங்கள். ஓடோமீட்டரைத் திருப்பியவர்கள் இந்த மூன்றையும் திருப்ப மறந்துவிடுவார்கள்.

கடைசியாகச் சுமையோடு ஒரு ஓட்டம். காலி வண்டியை ஓட்டிப் பார்த்து எதுவும் தெரியாது. சுமையேற்றி மேட்டில் ஏற்றி, வெப்பமானி முள் எங்கே நிற்கிறது, மேல் கியரில் எந்தச் சுற்றில் இழுக்கத் திணறுகிறது என்று பாருங்கள். பணம் கொடுப்பதற்கு முன்னால் பிளாக்கில் அடித்திருக்கும் எஞ்சின் எண்ணைத் துடைத்துப் பதிவுப் பத்திரத்தோடு ஒப்பிடுங்கள். பொருந்தவில்லை என்றால், எஞ்சின் மாற்றத்துக்கான சோதனையும் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) பதிவும் முடிந்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். அந்த வேலையை விற்பவரே முடித்துத் தர வேண்டும்.